சிறுநீரில் ரத்தம், இடது விலாவில் வலி: எல்லாமே கல் அல்ல





நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களைப் படித்துப் பார்த்துக் கமிட்டியில் வைப்பது என் பொறுப்பு. சென்ற ஆண்டு மழைக்காலத்தில் சில நாட்கள் இடைவெளியில் இரண்டு மனுக்கள் வந்தன. இரண்டிலும் இருந்த செய்தி ஏறக்குறைய ஒன்றுதான்: சிறுநீரில் ரத்தம் போகிறது, இடது விலாவுக்குக் கீழே வலிக்கிறது. ஒன்று, பிளஸ் ஒன் படிக்கும் 16 வயதுப் பெண்பிள்ளைக்காக அவளுடைய தாயார் கொடுத்தது. மற்றொன்று, மேல்மலைக் காய்கறி லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்கிப் பிழைத்த 67 வயதுப் பெரியவர் தாமே கொண்டுவந்தது.

பிள்ளையின் தாயார் அழுதுகொண்டே வந்தார். சொந்தத்தில் யாரோ "கிட்னி போச்சு" என்று சொல்லிவிட்டார்களாம். வெளியே தெரிந்தால் நாளைக்குப் பிள்ளைக்கு வரன் அமையாது என்று பயந்து நாலு மாதம் யாரிடமும் சொல்லாமல் மறைத்திருக்கிறார். நான் பதறி, அன்றே மதுரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்தேன்.

பெரியவர் சிரித்த முகத்தோடு வந்தார். நாற்பது வருடமாகப் பீடி பிடிப்பவர். அவரிடம் நான் சொன்னது இதுதான்: "அண்ணே, இது கல்லுதான். எனக்கும் வந்திருக்கு. வாழைத்தண்டுச் சாறு குடிங்க, தண்ணி நிறைய குடிங்க. கொறயலேன்னா அடுத்த மாசம் கமிட்டியில வைக்கிறேன்." அவரும், "நீங்க சொன்னா சரிதான் தம்பி" என்று போய்விட்டார்.

யாருக்கு அவசரமோ அவரைக் காக்க வைத்தேன். யாருக்குப் பொறுத்திருக்க நேரம் இருந்ததோ அவரை ஓட வைத்தேன். பெரியவருக்கு மூன்று வாரம் கழித்து ஸ்கேன் எடுத்தபோது கல் எதுவும் இல்லை. வயிற்றிலுள்ள பெரிய ரத்தக்குழாய் 6 செ.மீ.க்கு மேல் வீங்கியிருந்தது. அந்த வீக்கம் இடது சிறுநீரகத்தின் ரத்தக்குழாய் ஒன்றை அழுத்திக்கொண்டிருந்தது. அறுவை சிகிச்சை நடந்தது. அல்ஹம்துலில்லாஹ், இன்று ஜும்ஆவுக்கு நடந்தே வருகிறார். ஆனால் அந்த மூன்று வாரத்தில் ஏதாவது நடந்திருந்தால் அவர் வீட்டாருக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்ற எண்ணம் என்னை விடவில்லை. இரு குடும்பத்தாரின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி இதை எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

வயிற்றுக்குள் நடப்பது என்ன?

இதயத்திலிருந்து புறப்படும் மிகப் பெரிய ரத்தக்குழாய்க்குப் பெருந்தமனி என்று பெயர். மருத்துவர்கள் அயோர்ட்டா என்பார்கள். அது நெஞ்சைக் கடந்து, முதுகெலும்புக்கு முன்னால் வயிற்றில் இறங்கி, தொப்புள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிறது. வழியில் குடலுக்கு ஒரு கிளையைக் கொடுக்கிறது. இந்தக் குடல் தமனி, மரத்திலிருந்து சாய்ந்து தொங்கும் கிளை போல, பெருந்தமனியின் முன்பக்கத்தில் கிளம்பிக் கீழ்நோக்கி இறங்குகிறது.

நல்ல ரத்தத்தைக் கொண்டுபோவது தமனி. பயன்படுத்திய ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. தமனியின் சுவர் தடித்தது, அதனுள் அழுத்தமும் அதிகம். சிரையின் சுவர் மெல்லியது. பக்கத்தில் எது இடித்தாலும் நசுங்கிவிடும்.

இரண்டு சிறுநீரகங்களிலிருந்து வரும் சிரைகளும் முதுகெலும்புக்கு வலப்பக்கமாக ஓடும் ஒரு பெருஞ்சிரையில் போய்ச் சேர்கின்றன. வலது சிறுநீரகம் அதற்குப் பக்கத்திலேயே இருப்பதால் அதன் சிரை சுமார் இரண்டரை செ.மீ. நீளம்தான். இடது சிறுநீரகச் சிரை அப்படியல்ல. பெருந்தமனியைக் குறுக்கே கடந்து போக வேண்டியிருப்பதால் சுமார் ஏழரை செ.மீ. நீளம் உடையது. அது கடக்கும் இடம் எது தெரியுமா? பின்னால் பெருந்தமனி, முன்னால் அந்தக் குடல் தமனி, இரண்டுக்கும் நடுவிலுள்ள சந்து.

பாக்குவெட்டியில் பாக்கு

நம் வீட்டுப் பாக்குவெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடி, மேலே ஒரு மூட்டு, நடுவில் பாக்கு. பெருந்தமனி ஒரு பிடி, குடல் தமனி மறுபிடி, இடது சிறுநீரகச் சிரைதான் பாக்கு. பிடிகள் விரிந்திருக்கும்வரை பாக்குக்கு ஒன்றும் ஆகாது. நெருங்கினால் நசுங்கும். 1937இல் உடற்கூறு அறிஞர் கிராண்ட் இந்த அமைப்பைக் கொட்டை உடைக்கும் இடுக்கிக்கு ஒப்பிட்டார். 1950இல் எல்-சதர், மினா என்னும் இருவர் இதனால் நோய் உண்டாவதை எழுதினர். 1972இல் பெல்ஜிய மருத்துவர் டி ஷெப்பர் 'நட்கிராக்கர்' என்ற பெயரை நிலைநிறுத்தினார். ஸ்கேன் ரிப்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தால் பயப்படாதீர்கள். பொருள் இவ்வளவுதான்.

சிரை நசுங்கினால், சிறுநீரகத்திலிருந்து ரத்தம் தடையின்றி வெளியேற முடியாமல் பின்னால் தேங்குகிறது. அடைபட்ட வாய்க்காலின் கரை உடைவது போல, சிறுநீரகத்துக்குள் இருக்கும் நுண்ணிய சிரைகள் கசிந்து சிறுநீரில் ரத்தம் கலக்கிறது. சில நேரம் கண்ணுக்குத் தெரியும். பல நேரம் பரிசோதனையில்தான் தெரியும். புரதமும் சிறுநீரில் இறங்கலாம். இடது விலாவில் வலி வரும். நெடுநேரம் நின்றாலோ நடந்தாலோ கூடும்.

இடது விதைப்பையின் சிரையும், பெண்களுக்கு இடது சினைப்பையின் சிரையும் இதே இடது சிறுநீரகச் சிரையில்தான் வந்து சேர்கின்றன. ஆகவே தேக்கம் அங்கேயும் பரவும். ஆண்பிள்ளைகளுக்கு இடது விதைப்பையில் புழு நெளிவது போன்ற நரம்பு முடிச்சு தெரியலாம். பெண்களுக்கு அடிவயிற்றில் ஓயாத பாரமும் வலியும் இருக்கலாம். இவற்றை வெட்கப்பட்டு மறைக்கிறார்கள். பிள்ளை அத்தாவிடமோ அம்மாவிடமோ தயங்காமல் சொல்லும் சூழலை நாம்தான் வீட்டில் உண்டாக்க வேண்டும்.

இளையவருக்குப் பெரும்பாலும் பொறுத்திருந்தால் போதும்

இந்தத் தொல்லை திடீரென உயரம் கூடும் வயதிலும், ஒல்லியான உடம்பிலும் அதிகம் காணப்படுகிறது. அந்தச் சந்தில் மெத்தை போல இருக்கும் கொழுப்பு குறைவதால் இரண்டு பிடிகளும் நெருங்குகின்றன. காய்ச்சலிலோ, அழகுக்காகச் சாப்பாட்டைக் குறைத்தோ சட்டென்று எடை இறங்கியவர்களுக்கும் வரலாம்.

நம் பிள்ளைக்கு மதுரையில் டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் ஓடும் வேகத்தை அளக்கும் ஸ்கேன் அது. நெருக்கப்பட்ட இடத்தில் சிரை ஒடுங்கியும், அதற்கு முன்னால் புடைத்தும் இருந்தது. காலையில் எழுந்தவுடன் ஒருமுறையும், பகலில் நடமாடிய பின் ஒருமுறையும் சிறுநீரைச் சோதித்தார்கள். படுத்திருந்த இரவுக்குப் பின் புரதம் இல்லை, பகலில் இருந்தது. மருத்துவர் சொன்ன சிகிச்சை என்ன தெரியுமா? "நல்லா சாப்பிடும்மா. எடை ஏறட்டும். ஆறு மாசம் கழிச்சு வா." சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதையும் தாயாரிடம் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்.

வளரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு வயதும் எடையும் ஏற ஏற இது தானாகத் தணிகிறது. 18 வயதுக்குட்பட்டவர்களை இரண்டு ஆண்டுகளாவது கவனித்துப் பார்ப்பதே வழக்கம். ரத்தப்போக்கு அதிகமாகி ரத்தசோகை வந்தாலோ, தாங்க முடியாத வலி இருந்தாலோ, சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கினாலோதான் அடுத்த யோசனை. சிரையை நெருக்கடியிலிருந்து எடுத்துக் கொஞ்சம் கீழே மாற்றித் தைப்பது ஒரு வழி. உள்ளே ஸ்டென்ட் வைப்பது இன்னொரு வழி. ஆனால் அது இடம் நகர்ந்து இதயம்வரை போய்விடும் அபாயம் உண்டு. ஆகவே அனுபவமுள்ள இரத்தநாள மருத்துவரிடம் கேட்டே முடிவெடுக்க வேண்டும்.

இது தொற்றுநோய் அல்ல. கிட்னி செயலிழப்பும் அல்ல. ஒரு பெண்பிள்ளையின் வரனைத் தட்டிக்கழிக்க இதில் எந்தக் காரணமும் இல்லை. பேச்சைப் பரப்புகிறவர்கள் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளுங்கள்.

முதியவருக்கு அதே அறிகுறி வேறு பொருள் தரலாம்

இனி பெரியவரிடம் வருவோம். வயிற்றிலுள்ள பெருந்தமனியின் சாதாரண அகலம் சுமார் 2 செ.மீ. அதன் சுவர் பலவீனப்பட்டு, பழைய சைக்கிள் டியூப் ஓரிடத்தில் புடைப்பது போல 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் விரிந்தால் அதை அனியூரிசம் என்கிறார்கள். 65 வயது கடந்த ஆண்கள், புகை பிடிப்பவர்கள், முன்பு பிடித்து விட்டவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இது இருந்தவர்கள் ஆகியோருக்கு வாய்ப்பு அதிகம். இவற்றில் புகைதான் முதல் எதிரி. பீடியும் அதில் அடக்கம். பெண்களுக்குக் குறைவாகவே வரும்; ஆனால் வந்தால் சிறிய அளவிலேயே வெடிக்கக்கூடும்.

இதில் கொடுமை, பெரும்பாலும் வலியே இருக்காது என்பது. வேறு எதற்காகவோ வயிற்று ஸ்கேன் எடுக்கும்போது தற்செயலாகத் தெரியும். வெடித்துவிட்டால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. பலர் மருத்துவமனையைக்கூட அடைவதில்லை.

இந்த வீக்கத்துக்கும் சிறுநீரகச் சிரைக்கும் என்ன தொடர்பு? பலர் தலைகீழாகப் புரிந்துகொள்வதால் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சிரை நெருக்கப்படுவதால் பெருந்தமனி வீங்குவதில்லை. நட்கிராக்கர் உள்ள பிள்ளைக்குப் பிற்காலத்தில் அனியூரிசம் வரும் என்றும் அர்த்தமில்லை. தொடர்பு மறுபக்கமாக இருக்கிறது: வீங்கிய பெருந்தமனி சிரையை நெருக்கலாம்.

அது மூன்று விதமாக நடக்கலாம். ஒன்று, பாக்குவெட்டியின் பின்பிடியே பருத்துவிடுவதால், முன்னாலுள்ள குடல் தமனியோடு சேர்ந்து சிரையை நசுக்குகிறது. இரண்டாவது, நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவியிலேயே இடது சிறுநீரகச் சிரை பெருந்தமனிக்கு முன்னால் போகாமல் பின்னால் போகிறது. அவர்களுக்கு வீங்கிய தமனிக்கும் முதுகெலும்புக்கும் இடையில் சிரை மாட்டிக்கொள்கிறது. நம் பெரியவருக்கு இருந்தது இதுதான். மூன்றாவது மிக அரிது, மிக ஆபத்து. வீங்கிய தமனி அந்தச் சிரைக்குள்ளேயே உடைந்து திறந்துகொள்கிறது. அதிக அழுத்தமுள்ள தமனி ரத்தம் சிரைக்குள் பாய்கிறது. வயிற்று வலி, சிறுநீரில் ரத்தம், இடது சிறுநீரகம் வேலை நிறுத்தம் ஆகிய மூன்றும் ஒன்றாக வரும்.

இவையெல்லாம் அபூர்வமானவைதான். ஆனால் மருத்துவர்கள் பொதுவாக எச்சரிக்கும் ஒரு விஷயம் அபூர்வமல்ல. வெடிக்கப்போகும் அல்லது கசியும் அனியூரிசத்தின் வலியும், சிறுநீரகக் கல்லின் வலியும் ஒன்று போலவே இருக்கும். விலாவில் தொடங்கி இடுப்பு, தொடை இடுக்குவரை இறங்கும். ஆகவே 60 வயதுக்கு மேல் ஒருவருக்கு வாழ்க்கையில் முதன்முறையாகக் 'கல் வலி' வந்தால், பெருந்தமனியைப் பார்க்காமல் கல் என்று முடிவு செய்யக் கூடாது. நான் செய்த தவறு சரியாக இதுதான்.

ஐன்ஸ்டீனுக்கும் இதே நோய்

விஞ்ஞானி ஆல்பர்ட் ஐன்ஸ்டீனுக்கு வயிற்றுப் பெருந்தமனியில் வீக்கம் இருந்தது. அவர் பைப் புகைப்பவர். 1948இல் நியூயார்க்கில் ருடால்ஃப் நிஸ்ஸன் என்ற அறுவை மருத்துவர் அவர் வயிற்றைத் திறந்து, வீங்கிய தமனியைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். அன்று வேறு வழி இல்லை. அதன் பிறகு ஏழு ஆண்டுகள்கூட முடியவில்லை. 1955 ஏப்ரல் 18 அன்று, அந்த வீக்கம் வெடித்து, 76ஆவது வயதில் அவர் இறந்தார்.

இன்று வழி இருக்கிறது. 1951இல் பாரிஸில் சார்ல்ஸ் டுபோஸ்ட், வீங்கிய பகுதியை எடுத்துவிட்டு வேறு குழாய் வைத்துத் தைத்துக் காட்டினார். 1990இல் அர்ஜென்டினாவில் ஹுவான் பரோடி, வயிற்றைக் கிழிக்காமல் தொடை இடுக்கு வழியாகத் துணி போர்த்திய ஸ்டென்ட்டை உள்ளே செலுத்தினார். இந்த இரண்டு வழிகளும்தான் இன்றுவரை. யாருக்கு எது என்பதை வயது, இதயம், வீக்கத்தின் வடிவம் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். ஸ்டென்ட் வைத்தவர்கள் தொடர்ந்து ஸ்கேன் எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

எல்லா வீக்கத்துக்கும் அறுவை தேவையில்லை. ஆண்களுக்கு 5.5 செ.மீ., பெண்களுக்கு 5 செ.மீ. அளவை எட்டினாலோ, வேகமாக வளர்ந்தாலோ, வலி வந்தாலோதான் பொதுவாகச் சிகிச்சைக்குப் போகிறார்கள். அதற்குக் கீழே இருந்தால் குறித்த காலத்தில் ஸ்கேன், ரத்த அழுத்தக் கட்டுப்பாடு, புகையை நிறுத்துதல் ஆகியவை போதும். அறுவைக்கு முன் சி.டி. ஸ்கேனில் இடது சிறுநீரகச் சிரை முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்று பார்ப்பது மிக முக்கியம். பின்னால் இருப்பது தெரியாமல் கை வைத்தால் சிரை கிழிந்து ரத்தம் கொட்டும். ஆகவே பழைய ஸ்கேன் படங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள்.

நாம் செய்ய வேண்டியவை

1. எந்த வயதானாலும் சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், ஒரே ஒரு முறை வந்து நின்றுவிட்டாலும், மருத்துவரிடம் காட்டுங்கள். தொற்று, கல், காசநோய், புற்றுநோய் எனக் காரணங்கள் பல. குறிப்பாகப் புகை பிடிக்கும் நடுத்தர வயதினருக்குச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்வது அவசியம். மற்றவை இல்லை என்று தெரிந்த பிறகே நட்கிராக்கர் என்ற முடிவுக்கு வருவார்கள்.

2. 65 வயது கடந்த, எப்போதாவது புகை பிடித்த ஆண்கள் ஒருமுறை வயிற்று அல்ட்ரா சவுண்ட் எடுத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தில் 65 வயதாகும் ஆண்களை அரசே அழைத்து இந்த ஸ்கேன் எடுக்கிறது. இங்கே அப்படி அழைப்பு வராது. நாமாகத்தான் கேட்க வேண்டும். "பெருந்தமனி அளவையும் பார்த்து எழுதுங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஊசி இல்லை, வலி இல்லை, சில நிமிட வேலை.

3. வயதானவருக்குத் திடீரென வயிறு, முதுகு அல்லது விலாவில் கடும் வலி, கூடவே வியர்வை, தலைசுற்றல், மயக்கம் வந்தால் கஷாயம், வலி ஊசி என்று நேரம் கடத்தாதீர்கள். உடனே 108க்கு அழையுங்கள். வயிற்றை அமுக்கித் தேய்க்காதீர்கள். "புகை பிடிப்பவர், தமனி வீக்கம் இருக்குமோ" என்று மருத்துவரிடம் சொல்லுங்கள்.

4. சி.டி. ஸ்கேனுக்கு மருந்து ஏற்றுவதற்கு முன், சர்க்கரை மாத்திரை, ஒவ்வாமை, கிரியாட்டினின் அளவு ஆகியவற்றை மறைக்காமல் தெரிவியுங்கள்.

மலையில் இருக்கும் நமக்கு

சமவெளியில் இருப்பவருக்கும் நமக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. மதுரை நமக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதில் வத்தலக்குண்டு இறங்கும்வரை வளைவும் பள்ளமும். மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் இருப்பவர்கள் முதலில் கொடைக்கானலுக்கே வந்து சேர வேண்டும். மழைக்காலத்தில் ஒரு மரம் விழுந்தால், ஒரு பாறை உருண்டால் பாதை அடைத்துக்கொள்ளும். வெடித்த தமனி அவ்வளவு நேரம் காத்திருக்காது. சீசன் கூட்டத்தில் சில்வர் காஸ்கேடு பக்கம் வண்டிகள் நிற்பதை நாம் அறிவோம். எனவே அவசரத்தில் ஓடுவதை நம்பி இருக்காமல், சாவகாசமாக இருக்கும்போதே இறங்கிப்போய் ஒரு ஸ்கேன் எடுப்பதுதான் மலைவாசிகளுக்கு அறிவு.

இதற்கான சிகிச்சை தரும் இரத்தநாள அறுவைப் பிரிவு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை, சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை போன்ற பெரிய அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை பெறலாம். ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பாதுகாப்பு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் பதிய வேண்டும். நோய் வந்த பிறகு அலைவதைவிட இப்போதே எடுத்து வையுங்கள். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். மக்களைத் தேடி மருத்துவம் ஊழியர் வீட்டுக்கு வரும்போது பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

பெரியவர் விஷயத்துக்குப் பின் நமது கமிட்டி ஒரு முடிவு எடுத்திருக்கிறது. 60 வயது கடந்தவர் விலா வலி, முதுகு வலி, சிறுநீரில் ரத்தம் என்று மனு கொடுத்தால், கூட்டத்துக்குக் காத்திராமல் ஸ்கேன் செலவும் வண்டிக் காசும் அன்றே தரப்படும். செயலாளர் வைத்தியம் சொல்ல மாட்டார். கையெழுத்து மட்டும் போடுவார்.

பெரியவர் பீடியை விட்டுவிட்டார். போன வாரம் பள்ளிவாசல் படியில் பார்த்தபோது, "தம்பி, உங்க வாழைத்தண்டு இன்னும் பாக்கி இருக்கு" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்கள் வீட்டிலும் அவரைப் போல ஒரு நன்னாவோ பெரியத்தாவோ இருப்பார்கள். இந்த இதழைப் படித்து முடித்ததும் அவர்களிடம் போய், "எப்பவாவது வயித்து ஸ்கேன் எடுத்திருக்கீங்களா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்,
செயலாளர்